மஞ்சள் பையும் மானமும்

"மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டானய்யா, பட்டிக்காட்டான்!"

பட்டணத்துப் பேருந்து நிலையங்களிலே ஒரு காலத்தில் கேட்ட கேலிக்குரல் இது. நாட்டுப்புறத்திலிருந்து வந்து இறங்குவான் ஒரு பாட்டாளி. கையிலே ஒரு மஞ்சள் பை. உறவினர் வீட்டுத் திருமணத்தில் வெற்றிலை பாக்கும் தேங்காயும் போட்டுக் கொடுத்த பை. துவைத்துத் துவைத்து நிறம் மங்கிய பை. உள்ளே மாற்று வேட்டி ஒன்று. மகனுடைய பள்ளிச் சான்றிதழ். வழியில் உண்ண ஒரு சோற்றுப் பொட்டலம். அந்தப் பையைக் கண்டதும் படித்தவர் உதட்டிலே ஒரு சுழிப்பு! பணம் படைத்தவர் பார்வையிலே ஓர் இளக்காரம்! திரைப்படக் கோமாளியின் கையிலும் அதே பையைக் கொடுத்தார்கள். கொட்டகை கொள்ளாத சிரிப்பு! ஏளனத்துக்கு அஞ்சிய ஏழை, பையை மடித்துப் பரண்மேல் போட்டான். கடைக்காரர் விலையின்றித் தந்த பிளாஸ்டிக் பையைக் கையிலே மாட்டிக்கொண்டான். நாகரிகம் வந்துவிட்டதென்று நம்பினான்.

இன்றோ அதே துணிப்பை, குளிரூட்டிய கடையிலே, கண்ணாடிப் பேழைக்குள்ளே, 'இயற்கைக்கு இசைந்தது' என்ற சீட்டுடன் வீற்றிருக்கிறது. விலை சில நூறு ரூபாய். அன்று பேருந்து நிலையத்தில் சிரித்தவரின் பிள்ளை அதை வாங்கித் தோளிலே மாட்டிக்கொண்டு பூமியைக் காக்கப் புறப்படுகிறார்!

2019 ஜனவரி முதல் நாள்தொட்டு, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே ஓர் இயக்கம் தொடங்கிற்று. நல்ல இயக்கம், வரவேற்கிறோம். ஆனால் அந்த 'மீண்டும்' என்ற சொல்லைச் சற்றே ஊன்றிப் பாருங்கள். அது ஓர் ஒப்புதல் வாக்குமூலம்! கையிலே இருந்ததை இழந்தோம் என்கிறது அந்தச் சொல். ஏன் இழந்தோம்? பை பயனற்றதாய்ப் போனதாலா? இல்லை. அறிவுக்கு ஒவ்வாததாய்ப் போனதாலா? இல்லை. அதைச் சுமந்தவன் ஏழை என்பதால்!

ஏழை செய்தால் கஞ்சத்தனம். சீமான் செய்தால் சுற்றுச்சூழல் தொண்டு. குடிசையிலே கிழிந்த துணிக்கு ஒட்டுப் போட்டால் வறுமை. மாளிகையிலே ஒட்டுப் போட்டால் புதுமை. இது எந்த ஊர் நீதி? மானத்தைப் பற்றிப் பேச வந்த இயக்கத்தார் நாம். ஆகவே, மானம் பறிக்கப்பட்ட இந்தப் பையைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும்.

வீட்டுச் சிக்கனத்தைப் பற்றி நமக்கு உபதேசம் செய்ய இன்று மூவர் கிளம்பியிருக்கிறார்கள்.

முதலாமவர் வைதிகர். "முன்னோர்கள் என்ன மூடர்களா? வாழையிலையில் உண்ணச் சொன்னார்கள். சாணத்தால் மெழுகச் சொன்னார்கள். விளக்கு வைத்தபின் வீட்டைப் பெருக்காதே என்றார்கள். அத்தனையும் அறிவியல்! அத்தனையும் இயற்கையைக் காக்க!" என்று மார் தட்டுகிறார்.

ஐயா, வாழையிலை நல்ல இலைதான். உண்டபின் மாட்டுக்குத் தீனி. மிஞ்சினால் மண்ணுக்கு எரு. அதை ஒப்புக்கொள்ள ஆசாரம் வேண்டியதில்லை; கண் இருந்தால் போதும். ஆனால் அந்த இலை போட்ட பந்தியிலே யாரை உட்கார வைத்தீர்? யாரை வாசலுக்கு வெளியே நிறுத்தினீர்? எச்சில் இலையை எடுக்க யாரை ஏவினீர்? அதுவும் அறிவியல்தானா? விளக்கு வைத்தபின் பெருக்காதே என்று சொன்னவர், மங்கிய ஒளியிலே சிறு பொருள் ஏதும் குப்பையோடு போய்விடும் என்று எண்ணியிருக்கலாம். அப்படியானால் அதைச் சொல்லியிருக்க வேண்டுமே! 'இலட்சுமி போய்விடுவாள்' என்று ஏன் மிரட்ட வேண்டும்? காரணத்தை மறைத்து அச்சத்தை ஊட்டினால், காரணம் செத்த பின்னும் அச்சம் சாகாது. மின்விளக்கு வந்து இத்தனை காலம் ஆன பின்னும், மாலை மங்கினால் துடைப்பத்தைத் தொடக் கூசும் வீடுகள் இருக்கின்றனவே!

சிக்கனம் பேசும் இந்த வைதிகர்தான் குடங்குடமாய்ப் பாலைக் கல்லின்மேல் ஊற்றுகிறார். நெய்யை நெருப்பிலே வார்க்கிறார். போகி வந்தால் பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் தெருவிலே கொளுத்துவதை வழக்கமென்று காக்கிறார். 2018 ஜனவரியில் அந்தப் போகிப் புகை பனியோடு கலந்து, சென்னை விமான நிலையத்திலே விமானப் போக்குவரத்தையே நிலைகுலைய வைத்தது. பழையதைக் கழிப்பதென்றால் பழைய மடமையைக் கழிப்பது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சைக் கருக்குவதன்று!

இரண்டாமவர் வணிகர். அவருக்கு முன்னோரும் வேண்டாம், பின்னோரும் வேண்டாம். வாங்குவோர் இருந்தால் போதும். "மூங்கில் பல்துலக்கி வாங்குங்கள்! தேங்காய் ஓட்டுக் கிண்ணம் வாங்குங்கள்! வீட்டிலுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களை வீசிவிட்டுக் கண்ணாடிக் குடுவைகளை வாங்கி அடுக்குங்கள்!" என்று கூவுகிறார். வாங்காமலிருப்பதே சிக்கனம் என்று நாம் நினைத்திருக்க, சிக்கனத்துக்கே ஒரு கடை திறந்துவிட்டார்! பருப்பும் மிளகும் போட்டு வைத்த டப்பா நன்றாயிருக்கும்போது, அதைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியது வாங்குவது எவ்வகையில் பூமிக்கு உதவி? எறிந்தது அழியப் பல நூறு ஆண்டு. வாங்கியதைச் செய்ய மணலும் சோடாவும் கொதிக்கும் உலையும்! உள்ளது உடையும்வரை உழைக்கட்டும் என்பதல்லவா அறிவு?

துணிப்பையும் இந்தக் கணக்குக்கு விலக்கன்று. பருத்தி விளைய நீர் வேண்டும். ஒரு கிலோ பருத்திக்கு உலகச் சராசரியில் ஏறத்தாழ 10,000 லிட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே ஒரு துணிப்பையை இரண்டு முறை தூக்கிவிட்டு மூலையில் போட்டால் அது பிளாஸ்டிக்கைவிடப் பெரிய ஊதாரித்தனம். பல பத்து முறை, கிழியும்வரை தூக்கினால்தான் அது தன் கடனை அடைக்கும். இன்று திருமணத்துக்கொரு பை, திறப்பு விழாவுக்கொரு பை, மாநாட்டுக்கொரு பை என்று வீட்டிலே முப்பது பை குவிந்து கிடக்கிறது. கடைக்குப் போகும்போது மட்டும் கை வெறுங்கை! முப்பது பை வைத்திருப்பவர் இயற்கையின் நண்பரல்லர். ஒரே பையை முப்பது மாதம் தூக்கிய அந்தப் பட்டிக்காட்டானே நண்பன்.

மூன்றாமவர் பழம்பெருமை பேசுபவர். சாய்வு நாற்காலியிலே சாய்ந்துகொண்டு பெருமூச்சு விடுகிறார்: "எங்கள் பாட்டி அம்மியிலே அரைத்தாள், ஆட்டுக்கல்லிலே ஆட்டினாள், விறகடுப்பிலே சமைத்தாள். இயற்கையோடு வாழ்ந்தாள்! இக்காலப் பெண்களோ மிக்சி கேட்கிறார்கள், எரிவாயு கேட்கிறார்கள்!"

பாட்டி அரைத்தாள், தாத்தா என்ன செய்தார்? அதை மட்டும் இவர் சொல்வதில்லை. பாட்டி இயற்கையோடு வாழவில்லை ஐயா, புகையோடு வாழ்ந்தாள். விறகும் வறட்டியும் எரியும் அடுப்புகளால் வீட்டுக்குள் மாசுபடும் காற்று, 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் உயிர்களைப் பறித்தது என்கிறது உலக சுகாதார அமைப்பு. அடுப்படியிலே நிற்பவள் பெண். அவள் இடுப்பிலே இருப்பது குழந்தை. அந்தச் சாவுக்குப் 'பசுமை' என்று பெயர் சூட்டுவதா?

மிக்சியின் மேல் இவர் போடும் பழியையும் கணக்கிலே வைத்துப் பார்த்துவிடுவோம். 750 வாட் மிக்சி நாள்தோறும் 10 நிமிடம் ஓடினால் செலவாவது ஒரு யூனிட்டில் எட்டிலொரு பங்கு. பெருமூச்சு விடும் பெரியவரின் அறையிலே குளிரூட்டி ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட். அதாவது, அவருடைய ஒரு மணி நேரக் குளிர்ச்சி, அவள் எட்டு நாள் அரைக்கும் சட்னிக்குச் சமம்! 2006-க்குப் பின் இந்த நாட்டிலே ஏழை வீட்டுக்கு இலவச எரிவாயு அடுப்பும், 2011-க்குப் பின் மிக்சியும் கிரைண்டரும் போய்ச் சேர்ந்தபோது 'இலவசம்' என்று எள்ளினார்கள். பெண்ணின் முதுகெலும்பை மிச்சப்படுத்தியதைவிடப் பெரிய சிக்கனம் எது? பெண்ணின் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் செய்யும் சேமிப்பு, சேமிப்பன்று; சுரண்டல்.

இம்மூவரையும் தள்ளி வைத்துவிட்டு, சிக்கனம் என்றால் என்ன என்று நாமே சிந்திப்போம்.

நமக்கு இது புதுப் பாடமன்று. பெரியார் சிக்கனத்தை ஒரு கொள்கையாகவே வாழ்ந்து காட்டினார். தமக்கெனச் செலவிடக் கை நீளாத அவரேதான் திருச்சியிலே 1965-இல் கல்லூரி அமையக் கொடை தந்தார். சேர்த்து வைத்துப் பூதம் காப்பது கஞ்சத்தனம். வீணை நிறுத்திப் பயனுக்குத் திருப்புவது சிக்கனம். சுயமரியாதைத் திருமணத்தை எண்ணிப் பாருங்கள். புரோகிதரில்லை, புகையில்லை, பல நாள் பந்தியில்லை, கடனில்லை. இருவர் உடன்பாடு, இரண்டு மாலை, நண்பர்கள் வாழ்த்து. 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் அதைச் சட்டமாக்கியது. தேவையற்றதை விலக்கினால் மானமும் மிஞ்சும், பணமும் மிஞ்சும் என்பதை அன்றே மணமேடையில் நிறுவியவர்கள் நாம். மணமேடையில் எழுப்பிய 'ஏன்?' என்ற கேள்வியை அடுக்களையிலும் குளியலறையிலும் எழுப்பத் தவறிவிட்டோம். அவ்வளவுதான்.

எழுப்ப வேண்டிய கேள்விகள் மூன்று. இது தேவையா? எவ்வளவு தேவை? எறிந்தபின் இது யார் கைக்குப் போகிறது?

முதலிரண்டு கேள்விகளுக்கும் விடை காண எழுதுகோலும் தாளும் போதும். 60 வாட் குமிழ்விளக்கு நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 9 யூனிட். அதே ஒளி தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு ஒன்றரை யூனிட்டும் ஆகாது. குளிரூட்டி வைத்திருப்போர் அதை 18-இல் வைத்துவிட்டுப் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறார்கள். குளிரையும் காசு கொடுத்து வாங்கி, அதைத் தடுக்கப் போர்வையையும் காசு கொடுத்து வாங்கும் அறிவாளிகள்! வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்று நடுவண் அரசின் ஆற்றல் திறன் அமைப்பு சொல்லியிருக்கிறது. 24-இல் வைத்து மின்விசிறியையும் சுழலவிட்டால் போர்வையும் வேண்டாம், பெருங்கட்டணமும் வேண்டாம்.

குழாய் நொடிக்கொரு சொட்டு ஒழுகுகிறது; 'சொட்டுதானே' என்கிறோம். நாளொன்றுக்கு 86,400 சொட்டு! இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்தாலும் நாளைக்கு நான்கு லிட்டருக்கு மேல். ஆண்டுக்கு 1,500 லிட்டருக்கு மேல். சில ரூபாய்ப் பெறும் வளையம் ஒன்றை மாற்றச் சோம்பியதற்கு நாம் கட்டும் தண்டம் அது. 2019 கோடையிலே சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் தண்ணீர் வந்தது. மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய ஆண்டு 2003. பதினாறு ஆண்டு இடைவெளியிலே எத்தனை வீடுகளில் அந்தத் தொட்டி தூர்ந்து, அதன்மேல் வண்டி நிறுத்தப்பட்டது! சட்டம் குழி வெட்டச் சொல்லலாம். ஆண்டுதோறும் தூர்வாரும் அறிவை வீட்டுக்காரர்தாம் தர வேண்டும்.

சோற்றுக்கு வருவோம். 2022-ஆம் ஆண்டிலே உலகில் வீணான உணவு 105 கோடி டன் என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் அறிக்கை தந்தது. அதில் ஐந்தில் மூன்று பங்கு வீணானது உணவு விடுதியிலன்று, வீடுகளிலே! இரவுச் சோற்றில் நீரூற்றிக் காலையில் பழையது உண்ட உழவன் மகனைப் பார்த்து மூக்கைப் பொத்தியவர்கள், இன்று அதே பழையதை மண்கலயத்தில் ஊற்றி விருந்தென்று விற்கிறார்கள். பைக்கு நேர்ந்த கதையே சோற்றுக்கும்!

இனி மூன்றாவது கேள்வி. நாம் கேட்க அஞ்சும் கேள்வி.

காலையிலே வாசலில் மணியோசை. "குப்பைக்காரர் வந்துவிட்டார்!" என்று குழந்தை கூவுகிறது. அவரா குப்பைக்காரர்? குப்பை அவருடையதா? குப்பைக்காரர் நாமல்லவா! நேற்றைய சோறு, உடைந்த கண்ணாடி, சவரத் தகடு, குழந்தையின் கழிவுத்துணி, மாத்திரை உறை அத்தனையையும் ஒரே பையிலே திணித்து, இறுக்கி முடிச்சிட்டு நீட்டுகிறோம். மட்குவது, மட்காதது, தீங்கு தருவது என வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டுமென்று 2016-ஆம் ஆண்டின் விதிகள் கட்டளையிட்டன. 'நேரமில்லை' என்றோம். 'அதெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்றோம்.

அவர்கள் என்றால் எவர்கள்?

நாம் இட்ட முடிச்சை அவிழ்க்கும் விரலுக்கு ஒரு சாதி இருக்கிறது, தோழர்களே! தலைமுறை தலைமுறையாய் அந்த விரல் ஒரே சேரியிலிருந்துதானே வருகிறது? அழுகிய சோற்றுக்குள் கண்ணாடிச் சில்லைத் தேடி அறுபடுவது அந்த விரல்தானே? மேடையிலே 'சாதி ஒழிக' என்று முழங்கிவிட்டு, வீட்டிலே கலந்த குப்பையை நீட்டுகிறவன், தன் எச்சிலைத் தொட இன்னொருவன் பிறந்திருக்கிறான் என்று நம்புகிறவன். மனுவை ஏட்டிலே எரித்துவிட்டுக் குப்பைக் கூடையிலே குடி வைத்திருக்கிறான்!

கதை தெருவோடு முடிவதில்லை. எண்ணெயும் துணியும் பிளாஸ்டிக்கும் கழிவறைக் குழாயில் போகின்றன; சாக்கடை அடைக்கிறது. அடைப்பெடுக்க ஒருவனை அழைக்கிறார்கள். பாதுகாப்புக் கருவியின்றி ஆளை அந்தக் குழிக்குள் இறக்குவது குற்றம் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொல்லி 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததை எண்ணி மகிழ்வதா? உயர்த்த வேண்டிய அளவுக்குச் சாவு தொடர்ந்ததை எண்ணித் தலைகுனிவதா? நச்சுக்காற்றிலே மூச்சடைத்து வீழ்ந்தவன் அகற்றச் சென்றது, நாம் சோம்பலால் கழுவிவிட்ட பொருளைத்தான்.

எஞ்சிய குப்பை எங்கே போகிறது? கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் போயிற்று, மலையாய்க் குவிந்தது. ஈரக் குப்பை காற்றின்றிப் புதைந்தால் மீத்தேன் பிறக்கும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தேக்கும் வாயு அது, தீப்பற்றவும் வல்லது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பிடித்து நாட்கணக்கில் புகைந்தது. புகை யார் வீட்டுக்குள் நுழைந்தது? குப்பையை அதிகம் ஈன்ற மாளிகைக்கா? மேட்டின் ஓரத்திலே குடியிருக்கும் குடிசைக்கா? சொல்லவும் வேண்டுமோ!

"வீட்டுக் குப்பையைப் பிரித்துவிட்டால் உலகம் உய்ந்துவிடுமா? ஆலைகள் கக்கும் புகை என்னாவது? அரசின் கடமை என்னாவது?" என்று கேட்போர் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆலையையும் அரசையும் தட்டிக் கேட்கத்தான் வேண்டும். கையுறையும் இயந்திரமும் நிலையான வேலையும் தூய்மைத் தொழிலாளருக்குக் கொடு என்று போராடத்தான் வேண்டும். ஆனால் அடுத்தவன் குற்றத்தைக் காட்டித் தன் குற்றத்தை மறைப்பவன் போராளியல்லன். குடத்தை ஓட்டையாய் வைத்துக்கொண்டு ஆற்றைத் திட்டுவதிலே அறிவில்லை.

செய்ய வேண்டியது மலையளவு அன்று. வீட்டிலே மூன்று கூடை. தோட்டமோ தொட்டியோ இருந்தால் காய்கறித் தோலுக்கு ஒரு குழி. சில வாரங்களில் அது எரு. கண்ணாடிக்கும் தகட்டுக்கும் தடித்த தாள் சுற்றி, சிவப்பு மையில் ஓர் அடையாளம். கழிவறையில் கழிவறைக்குரியது மட்டும். கதவருகே ஓர் ஆணி. அதிலே ஒரு பை. இத்தனையையும் வீட்டுப் பெண்ணின் தலையிலே கட்டிவிட்டு நாம் செய்தித்தாள் படிக்கக் கூடாது. ஆண் பிள்ளையும் கூடையைத் தூக்கட்டும்! குப்பையைத் தொட்டால் கை கழுவினால் போயிற்று. குப்பையைத் தொடுபவனை இழிவென்று எண்ணும் புத்தியைக் கழுவத்தான் சோப்பு இல்லை, பகுத்தறிவைத் தவிர!

மஞ்சள் பை மீண்டும் வரட்டும். அதைச் சுமந்தவனிடமிருந்து பறித்த மதிப்பும் அதனோடு மீண்டும் வரட்டும். நாளைக் காலையிலே குப்பைப் பையை முடிச்சிடும்போது, ஒரு நொடி நில்லுங்கள். இந்த முடிச்சை அவிழ்க்கப்போவது என் பிள்ளையின் விரலாயிருந்தால் இதற்குள்ளே எதையெதைப் போடுவேன் என்று எண்ணிப் பாருங்கள்.

எண்ணியபின் முடிச்சிடுங்கள்.